திருப்பிக் கொடுத்த இரண்டு லைசென்ஸ்கள்

1

சபையின் ஆண்டு மலருக்கு இரண்டு பக்கம் கேட்டார்கள். இது அங்கிருந்து தொடங்கியது.

தலைப்பையும் அவர்களே கொடுத்திருந்தார்கள்: 'தேவனுக்குப் பிரியமான வாழ்க்கை'. போன வருடம் கர்த்தருக்குள் நித்திரையடைந்த என் அத்தானைப் பற்றி, அதாவது அக்காவின் கணவரைப் பற்றி, நான் எழுதித் தர வேண்டும். குடும்பத்தில் கதை எழுதுகிறவள் ஒருத்தி இருந்தால் இந்த மாதிரி வேலையெல்லாம் தானாக அவள் தலையில் வந்து விழும். கடிதம் வந்த அன்றே அக்கா போன் செய்தாள்.

"எழுதிக் குடுத்துடு. ஆனா அதுலயும் கதை விடாதே. நடந்ததை மட்டும் எழுது."

நடந்ததை எழுத உட்கார்ந்தேன்.

'சிறு வயது முதலே தேவபக்தியிலும் நேர்மையிலும் சிறந்து விளங்கிய—'

வேண்டாம். யாருடைய படத்துக்குக் கீழேயும் இதைப் போடலாம்.

'ஓட்டுநர் தேர்வு அதிகாரியாக முப்பத்து மூன்று ஆண்டுகள் பணியாற்றிய அவர், ஒருநாளும் தம் மனச்சாட்சிக்கு—'

'ஒருநாளும்' என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. ஒருநாள் உண்டு. அந்த ஒருநாளை விட்டுவிட்டால் அவரைப் பற்றி எழுதுவதற்கு ஒன்றுமில்லை. அதை எழுதினாலோ என்னைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கும். முப்பத்தொரு வருடமாக நான் யாரிடமும் சொல்லாத ஒன்றை.

இரண்டு பக்கத்தில் அடங்காது. மலர்க்குழு மன்னிக்கட்டும்.

2

அத்தானை முதலில் உட்காரவைத்துக் காட்டுகிறேன். அவர் வாழ்க்கையில் பாதியை மற்றவர்கள் ஓட்டும் வண்டியில் பக்கத்து சீட்டில்தான் கழித்தார். மடியில் ஒரு அட்டை, அதில் கிளிப் மாட்டிய தாள், காதில் பென்சில். தேர்வுக்கு வருகிறவர்கள் வியர்த்துக்கொண்டு கிளம்புவார்கள். பத்தடி போவதற்குள் அவர் கேட்பார்: "கண்ணாடி பாத்தீங்களா?" பின்னால் என்ன வருகிறது என்று காட்டும் அந்தக் கண்ணாடியை முக்கால்வாசிப் பேர் பார்த்திருக்க மாட்டார்கள். ஊரே அவரை 'கண்ணாடி சார்' என்றுதான் அழைத்தது.

தோற்றுப்போனவர்களிடம் அவர் சொல்வது ஒரே வாக்கியம்தான். "பதினஞ்சு நாள் கழிச்சு வாங்க. ரோடு எங்கயும் போயிடாது."

எங்கள் போதகரை மூன்று முறை தோற்கடித்தார். வியாழக்கிழமை தோற்கடித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை முதல் வரிசையில் உட்கார்ந்து அவர் பிரசங்கத்தைக் குறிப்பெடுத்தார். மூன்றாவது தோல்விக்குப் பிறகு போதகர், "சில பேரை நம்மைப் பொறுமை கத்துக்க வைக்கறதுக்காகவே ஆண்டவர் நம்ம பக்கத்துல உட்கார வைக்கிறார்" என்றார். சபையே திரும்பி அத்தானைப் பார்த்தது. அத்தான் அதையும் குனிந்து எழுதிக்கொண்டார்.

தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது, ஒரு காலில் மட்டும் ஷூ போட்டபடி, கதவுப் பக்கம் நின்று ஜெபிப்பார். "ஆண்டவரே, இன்னைக்கு உமக்குப் பிரியமா நடக்க உதவி செய்யும்." அவ்வளவுதான். ஏன் ஒரு ஷூவோடு என்று நான் கேட்டதில்லை. இரண்டையும் போட்ட பிறகு அவசரம் வந்துவிடும் என்று நினைத்திருக்கலாம். அக்கா உள்ளிருந்து "ஆமென், மணி எட்டரை!" என்பாள்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. அப்பா அம்மா இல்லை. ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் தட்டச்சு செய்துகொண்டு, அக்கா வீட்டில் அடுப்படியை ஒட்டிய சின்ன அறையில் இருந்தேன்.

(எழுதியதைத் திரும்பப் படித்தால் அத்தான் ரொம்ப நல்லவராக வந்துகொண்டிருக்கிறார். எனக்கே சந்தேகம் வருகிறது. ஆகவே: அவர் சாப்பாட்டு மேசையில் அடுத்தவர் பேச்சை வெட்டிப் பேசுவார். தான் செய்தது சரி என்று பட்டுவிட்டால் யாரையும் கேட்க மாட்டார். மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததே இல்லை. இந்த மூன்றில் இரண்டாவதுதான் இந்தக் கதை.)

3

அக்கா நர்ஸ். படுக்கையில் கிடக்கும் நோயாளிகளின் வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டு மாற்றுவாள். ஒரு தோளில் மருந்துப் பை, மறு கையில் கொதிக்கவைத்த கத்தரிகளும் கிண்ணங்களும் உள்ள டப்பா. பேருந்தில் ஏறி இறங்கி மாலையில் வரும்போது தோள்பட்டையில் பையின் வார் சிவப்பாகப் பதிந்திருக்கும்.

வீட்டில் சாம்பல் நிறத்தில் ஒரு பழைய கார் இருந்தது. "எனக்கு ஆபீஸ் பக்கம்தான். நீ லைசென்ஸ் எடு, வண்டியை நீயே வச்சுக்கோ" என்று சொன்னது அத்தான்தான். ஓட்டவும் அவரே சொல்லிக்கொடுத்தார். ஆனால் சொந்தக்காரர்களுக்கு அவர் தேர்வு வைக்கக் கூடாது. அக்காவின் டெஸ்ட் அன்று, யாரும் ஒன்றும் சொல்லிவிடக் கூடாதென்று லீவே போட்டுவிட்டார். அவருக்குக் கீழே வேலை பார்த்த ஒரு இளைஞர்தான் தேர்வு வைத்தார். தலை நிறையச் சுருட்டை முடி. எங்கள் வீட்டில் அவருக்குப் பெயரே 'சுருட்டை'.

அக்கா லைசென்ஸோடு வந்தாள். அத்தான் அதை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, "ஒரே தடவையில!" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

அன்று மாலை அடுப்படியில் பாத்திரம் துடைத்துக்கொண்டே அக்கா என் காதில் சொன்னாள்.

"ரிவர்ஸ் எடுக்கவே சொல்லலடி. மேட்டுல நிறுத்தி எடுக்கவும் சொல்லல. ஒரே ஒரு சுத்து. 'போதும் மேடம், சாருக்கு வணக்கம் சொல்லுங்க'ன்னு கையெழுத்துப் போட்டுட்டாரு."

"ஐயோ, அக்கா!"

"உங்க அத்தான்கிட்ட சொல்லிடாதே. எனக்கு ரிவர்ஸ் நல்லா வரும். அவர் கேக்கலன்னா நான் என்ன பண்றது, கெஞ்சி எடுத்துக் காட்டவா?"

இரண்டு பேரும் ஈரத்துணியை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தோம். சொல்ல மாட்டேன் என்றேன்.

அடுத்த மூன்று வாரம் அக்கா ஓட்டினாள். என்னை அலுவலக வாசலில் இறக்கிவிட்டுத்தான் நோயாளிகளிடம் போவாள். பின் சீட்டில் மருந்துப் பை ஒரு பயணியைப் போல உட்கார்ந்திருக்கும். கண்ணாடியை இறக்கிவிட்டு, முழங்கையை வெளியே வைத்து, மெதுவாகப் பாடிக்கொண்டு ஓட்டுவாள். இன்றும் மருந்து வாசனையோடு காற்று முகத்தில் அடித்தால் எனக்கு அந்த மூன்று வாரம்தான் ஞாபகம் வரும்.

4

இனி, விஷயம் அத்தான் காதுக்கு எப்படிப் போனது என்று எழுத வேண்டும்.

[அடித்தது: சுருட்டை அலுவலகத்தில் நாலு பேர் மத்தியில், 'சார் வீட்டம்மாவை ஸ்டியரிங்கைத் தொட்டதுமே பாஸ் போட்டேன்' என்று பெருமையடித்துக்கொண்டார். அது அத்தான் காதில் விழுந்தது.]

[இதுவும் அடித்தது: அத்தான் ஒருநாள் பழைய தாள்களைப் புரட்டும்போது, அக்காவின் தாளில் ரிவர்ஸுக்கும் மேட்டுக்கும் உள்ள கட்டங்கள் காலியாக இருப்பதைக் கண்டார்.]

இரண்டும் நடக்கவில்லை. நான்தான் சொன்னேன்.

ஞாயிறு ஆராதனையில் அத்தான் எழுந்து சாட்சி சொன்னார். "என் மனைவி ஒரே தடவையில தேறிட்டா. குறுக்கு வழி எதுவுமில்லாம, உண்மையா. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்." சபை கை தட்டியது. அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அந்த மாதம்தான் எனக்குப் பேசிய ஒரு சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. மாப்பிள்ளை வீட்டார், 'பெரியவ மாதிரி இருந்தா யோசிக்கலாம்' என்று சொன்னதாக ஒருவர் மூலம் என் காதுக்கு வந்தது. பெரியவளுக்கு வீடு, வேலை, கணவர், கார், இப்போது கைதட்டலும்.

திங்கட்கிழமை அக்கா விடியுமுன்பே ஒரு நோயாளி வீட்டுக்குப் போய்விட்டதால், காலையில் நான் பேருந்துக்கு நடந்தேன்; அத்தானும் அதே வழியில் ஆபீஸுக்கு வந்தார். "உங்க அக்கா பெரிய ஆளுதான்" என்றார். "ஆமா, ரிவர்ஸ் எடுக்காமலே தேறின பெரிய ஆளு" என்றேன்.

உண்மை பேசுவது தேவனுக்குப் பிரியம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.*

* அது உண்மைதான். நான் சொன்னதும் உண்மைதான். இரண்டையும் கூட்டினால் வரும் விடை மட்டும் ஏனோ உண்மையாக இல்லை.

5

மறுநாள் காலை, அலமாரியில் இருந்த அக்காவின் லைசென்ஸை எடுத்துப்போய் அத்தான் அலுவலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார். மாலையில் சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் சொன்னார்.

"அது சரியா வந்த லைசென்ஸ் இல்ல. திருப்பிக் குடுத்துட்டேன். நீ மறுபடி டெஸ்ட் எடுத்துக்கோ."

அக்கா கரண்டியை அப்படியே வைத்தாள்.

"யார் சொன்னா?"

"தெரிய வந்துச்சு. யார் மூலமான்னு கேக்காதே."

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அந்தச் சுருட்டை பீத்திக்கிட்டானா?"

அவர் பதில் சொல்லவில்லை. அந்த மௌனத்தை அக்கா 'ஆமாம்' என்று எடுத்துக்கொண்டாள். நானும் அதைத் திருத்தவில்லை.

"சரி. உங்க ஆண்டவருக்குப் பிரியமா நடந்துட்டீங்க" என்றாள் அக்கா. குரல் உயரவே இல்லை. "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? நீ போய்க் குடுத்துட்டு வான்னு சொல்லியிருந்தா நானே போயிருக்க மாட்டேனா? கீழ்ப்படியறது நீங்க. கால் நோக நடக்கறது நான்."

பதினோரு நாள் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. அக்கா மறுபடி பையும் டப்பாவுமாகப் பேருந்தில் போனாள். கார் வாசலில் தூசி படிந்து நின்றது. அவரும் அதை எடுக்கவில்லை.

நடுவில் ஒருநாள் வாசலில் அவரைப் பிடித்துக்கொண்டேன். "அத்தான், நான் அன்னைக்கு—"

"நீ சொன்னது உண்மைம்மா" என்றார். "எதுக்காகச் சொன்னேங்கறதை நீயும் ஆண்டவரும் பேசிக்கோங்க. நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன்."

சொல்லவும் இல்லை. சாகும்வரை.

6

பன்னிரண்டாம் நாள் காலை அத்தான் வழக்கம்போல ஒரு ஷூவோடு நின்றார். "ஆண்டவரே, இன்னைக்கு உமக்குப்—"

"உங்க லைசென்ஸ் எப்படி வந்துச்சு?" என்று கேட்டாள் அக்கா. பதினோரு நாளில் அவள் பேசிய முதல் வாக்கியம்.

அவர் கண்ணைத் திறந்தார்.

"பதினெட்டு வயசுல உங்க மாமா ஒரு போட்டோவைக் குடுத்து வாங்கித் தந்தாரே. டெஸ்டே இல்லாம. கல்யாணமான புதுசுல நீங்கதானே சொல்லிச் சிரிச்சீங்க. அதை யார்கிட்ட திருப்பிக் குடுத்தீங்க?"

அந்த லைசென்ஸின் மேல்தான் அவர் வேலையே நின்றிருந்தது. பிறகு எத்தனையோ பயிற்சி, துறைத் தேர்வு எல்லாம் எழுதியிருக்கிறார். ஆனால் வண்டியில் இன்னொருவரைப் பக்கத்தில் வைத்து ஓட்டிக் காட்டும் முதல் டெஸ்ட், அதை மட்டும் அவர் எடுக்கவே இல்லை. அதை அவர் மறைத்ததாக நான் நினைக்கவில்லை. மறந்தே போயிருந்தார். நமக்கு ஆன நல்லது எப்படி ஆனது என்பது சீக்கிரம் மறந்துவிடும்.

ஷூவைக் கழற்றிவிட்டு அவர் அக்காவின் பின்னால் அறைக்குள் போனார். கதவு சாத்திக்கொண்டது. இருபது நிமிடம். அவர் வேலைக்குத் தாமதமாகப் போனதை அன்றுதான் பார்த்தேன்.

உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. கதை எழுதுகிறவளுக்கு அது ஒரு தடையில்லை. மூன்று விதமாக எழுதினேன். ஒன்றில் அத்தான் அழுதார். இன்னொன்றில் இருவரும் ஜெபித்தார்கள். மூன்றாவதில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "மன்னிச்சுடு" என்ற ஒரே சொல்லோடு நிறுத்தினார். மூன்றையும் போன வாரம் போனில் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"கட்டில்ல உட்காரல" என்றாள். "தரையில உட்கார்ந்தாரு. அதை மட்டும் மாத்து."

"மத்தது?"

"மத்தது மலருக்கு இல்ல."

ஆகவே: தரையில் உட்கார்ந்தார். மற்றது இல்லை.

7

அன்றே தன் லைசென்ஸையும் திருப்பிக் கொடுத்தார். மேலதிகாரி சிரித்தாராம். "சார், முப்பது வருஷத்துக்கு முந்தின கதை. சட்டப்படி உங்களுக்கு ஒண்ணுமே இல்ல." அத்தான் கேட்கவில்லை. லைசென்ஸ் இல்லாதவர் தேர்வு வண்டியில் உட்கார முடியாது. சுவரில் மாட்டிய எழுத்து அட்டையைக் காட்டி, "கடைசி வரி படிங்க" என்று கண் பார்வை சோதிக்கும் மேசையில் அவரைப் போட்டார்கள். நேற்றுவரை அவர் கையெழுத்துக்காக நடுங்கியவர்கள், "கண்ணாடி சார் இப்ப கண்ணு சார்" என்று கிண்டலடித்தார்கள். வீட்டுக்கு வந்து அதை அவரே சொல்லிச் சிரித்தார்.

இப்போது வீட்டில் ஒரு கார் இருந்தது, ஓட்ட உரிமையுள்ள ஆள் ஒருவரும் இல்லை. பழகுகிறவர் பக்கத்தில் லைசென்ஸ் உள்ளவர் ஒருவர் உட்கார வேண்டுமே. தெரிந்த வட்டத்தில் யார் என்று யோசித்தோம். நாலாவது தடவையில் தேறிய போதகர்!

சனிக்கிழமை மதியங்களில் சபை மைதானத்தில் காலிப் பெயிண்ட் டப்பாக்களை வரிசையாக வைத்து இருவரும் மாறி மாறி ஓட்டினார்கள். நான் டப்பாக்களை நிமிர்த்தி வைப்பேன். போதகர் பக்கத்து சீட்டில் மடியில் ஒரு அட்டையை வைத்துக்கொண்டு, காதில் பென்சிலோடு, வேண்டுமென்றே தொண்டையைக் கனைப்பார்.

"கண்ணாடி பாத்தீங்களா, பிரதர்?"

"பாத்தேன், ஐயா."

"எனக்குத் தெரியலையே. தலை திரும்பினா எனக்குத் தெரியணும். இதை எனக்கு ஒருத்தர் மூணு தடவை சொல்லிக் குடுத்தாரு."

அக்கா மைதானத்துச் சுவரில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன், ஆனால் அவளை நேராகப் பார்க்காமல். அந்தச் சனிக்கிழமைகளுக்குத் திரும்பிப் போக முடியுமென்றால் நான் ஒரு டப்பாவைக்கூட இடம் மாற்றி வைக்க மாட்டேன்.

தனக்குச் சுருட்டைதான் தேர்வு வைக்க வேண்டும் என்று அத்தானே கேட்டுக்கொண்டார். "எல்லாக் கட்டமும், தம்பி. ஒண்ணுகூட விடாம." ரிவர்ஸில் அத்தானின் பின்சக்கரம் ஒரு கூம்பைத் தொட்டது. இருபத்து நாலு வருடம் பிறருக்குத் தேர்வு வைத்தவர், பதற்றத்தில் கிளட்ச்சை விட்டுவிட்டார். சுருட்டை தாளில் 'தேறவில்லை' என்று எழுதும்போது கண்ணில் தண்ணீரே வந்துவிட்டதாம். அத்தான் அவர் தோளைத் தட்டி, "சரியா எழுதினீங்க. ரோடு எங்கயும் போயிடாது" என்றார்.

இரண்டு வாரம் கழித்து அக்கா எடுத்தாள். தேர்வு வைத்தது வேறொருவர். சுருட்டை வண்டிக்குப் பக்கத்தில் வந்தாலே இறங்கிவிடுவேன் என்று சொல்லிவிட்டாள். ரிவர்ஸ், மேடு, எல்லாம் ஒரே மூச்சில். அவள் சொன்னது சரிதான்: ரிவர்ஸ் அவளுக்கு நல்லாவே வரும்.

அதன்பின் ஏழு வாரம், அத்தான் தேறும்வரை, காலையில் அக்கா கார் ஓட்டினாள். அத்தான் முன் சீட்டில், நான் மருந்துப் பையோடு பின்னால். ஓட்டுகிறவளுக்கு ஒரு வார்த்தை சொல்வதில்லை என்று அவர் தீர்மானம் செய்திருந்தார். வாயை இறுக மூடிக்கொண்டு, வளைவுகளில் இல்லாத பிரேக்கை வலது காலால் மிதிப்பார். அக்கா அதைக் கவனித்துவிட்டு, "அழுத்துங்க, அழுத்துங்க, தரையில ஓட்டை விழட்டும்" என்பாள்.

தேவனுக்குப் பிரியமாக நடப்பது என்றால் என்ன என்று மலர்க்குழு கேட்கிறது. அடுத்தவள் லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்த அன்று அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார். தன்னுடையதைக் கொடுத்த அன்று தரையில் உட்கார்ந்திருந்தார். இதற்கு மேல் எனக்கு விளக்கத் தெரியவில்லை.

8

இங்கே முடித்திருக்கலாம். மலருக்கு இது போதும். நாலாம் பகுதியில் அடித்த முதல் பத்தியை அடிக்காமல் விட்டு, நான் சொன்னதாக வரும் இடங்களை எடுத்துவிட்டால் யாருக்கும் ஒரு குறையும் தெரியாது. அப்படி ஒரு பிரதி தட்டச்சு செய்தும் வைத்திருந்தேன்.

ஆனால் போன வருடம் அத்தானின் அடக்க ஆராதனைக்குச் சுருட்டை வந்திருந்தார். தலையில் இப்போது ஒரு முடி இல்லை. கையில் மலர்வளையம். அவர் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டதும் அக்கா உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சலுகை காட்டியதை அவள் எப்போதோ மன்னித்துவிட்டாள். பீத்திக்கொண்டதைத்தான் மன்னிக்கவில்லை. அந்த மனிதர் பீத்திக்கொள்ளவே இல்லை. அரை மணி நேரம் வாசலில் நின்று பார்த்துவிட்டு, வளையத்தை என் கையில் கொடுத்து, "மேடத்துக்கு என் மேல என்ன கோபம்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியலம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றே சொல்லியிருக்கலாம். அழுகைக்கு நடுவே வேண்டாம் என்று நினைத்தேன். பிறகு வருட நினைவு முடியட்டும் என்று நினைத்தேன். நாள் பார்த்துக்கொண்டே இருந்தால் நாள் வராது.

முடிவுகள் இரண்டு எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அக்கா, "எனக்கு அப்பவே தெரியும்டி" என்று சிரிக்கிறாள். அது நான் எனக்குக் கொடுத்துக்கொண்ட சலுகை, ரிவர்ஸ் இல்லாத லைசென்ஸ். இன்னொன்றில், "முப்பத்தொரு வருஷம்" என்று மட்டும் சொல்லி எழுந்துபோகிறாள். அதை எழுதியபோது அழுதேன். ஆனால் நம் அழுகை நன்றாக இருக்கிறது என்பதற்காக ஒரு முடிவு உண்மையாகிவிடாது. இரண்டையும் கிழித்துவிட்டு, எதையும் மாற்றாத பிரதியை எடுத்துக்கொண்டு இன்று மதியம் அக்கா வீட்டுக்கு வந்தேன். அக்கா பார்த்த பிறகுதான் மலர்க்குழுவுக்கு; சுருட்டைக்கும் ஒரு பிரதி.

"நான் வாசிக்கட்டுமா?" என்றேன்.

"வேணாம், நீ ராகம் போட்டுப் படிப்பே. குடு, நானே படிக்கறேன்."

இப்போது அவள் ஜன்னலோர நாற்காலியில். நான் எதிரே உட்கார்ந்து, மலர்க்குழுவின் கடிதத்துக்குப் பின்பக்கம் இந்தக் கடைசி வரிகளை எழுதிக்கொண்டிருக்கிறேன். அக்கா வரிக்கு அடியில் விரல் வைத்துத்தான் படிப்பாள். போதகர் இடத்தில் சிரித்தாள். மருந்துப் பை பயணியைப் போல உட்கார்ந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள். இப்போது நாலாம் பகுதி. சுருட்டை பீத்திக்கொண்டதாக எழுதிய பத்தியைப் படித்துவிட்டு, "அதான். அதை ஏன் அடிச்சு வச்சிருக்கே?" என்கிறாள், நிமிராமலே.

"மேல படி, அக்கா" என்கிறேன். என் குரலே எனக்குப் புதிதாக இருக்கிறது.

அடுத்தது காலிக் கட்டங்கள் பற்றிய பத்தி. அதற்கு அடுத்து இரண்டே வாக்கியம். அதை அவள் படித்த பிறகு வருவதை எழுத எனக்கு உரிமை இல்லை. உங்களுக்கும் ஒரு அக்கா இருக்கலாம், அல்லது அவளைப் போல ஒருத்தி. உங்களிடம் ஒன்றை நம்பிச் சொன்ன ஒருத்தி. அவள் முகத்தை வைத்து நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் பேனாவை வைக்கிறேன். விரல் கீழே இறங்குகிறது.